நட்ட கன்றுக்குப் பசி இல்லை... தாகம்தான்! திருவண்ணாமலை சொல்லும் உரப் பாடம்

திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்களின் பார்வை பெரும்பாலும் மலை உச்சியில்தான் இருக்கும். அந்தப் பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்கினால் இன்னொன்றும் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு மலையின் சரிவுகளில் திட்டுத் திட்டாகப் பச்சை படர்ந்திருக்கும். அதில் புல் உண்டு, புதர் உண்டு. மனிதர்கள் கையால் நட்டு வளர்ந்த மரங்களும் உண்டு.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் இதே மலையைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பாறையும் காய்ந்த புல்லுமாக மொட்டையாக நிற்கிறது மலை. விறகுக்கு வெட்டியது, ஆடு மாடு மேய்ந்தது, கோடைதோறும் தீ பிடித்தது என்று பல காரணங்களால் காடு அழிந்துபோனது. அந்த வெற்றுச் சரிவில் கன்று நட்டு மரமாக்குவது சாதாரண வேலை அல்ல. மண் கைப்பிடி அளவுதான். அதற்கு அடியில் பாறை. ஆயிரக்கணக்கான கன்றுகளுக்கு உர மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு ஏறுவதும் எளிதல்ல.

இங்கேதான் வீட்டில் கன்று வைக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. நர்சரியில் கன்று வாங்கியவுடன் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு என்ன உரம் போடணும்?" என்பதுதான். சிலர் கேட்பதுகூட இல்லை. குழியில் கன்றை வைத்து மண் தள்ளி, மேலே ஒரு கை யூரியாவைத் தூவிவிட்டுத்தான் அடுத்த வேலை. இரண்டு வாரத்தில் இலை ஓரம் தீய்ந்துபோகும். "கன்னே சரியில்ல, ஏமாத்திட்டான்" என்று பழி நர்சரிக்காரர் மீது விழும். உண்மையில் அந்தக் கன்று பசியால் வாடவில்லை. அளவுக்கு மீறி ஊட்டியதால் வாடியது.

கோயில் மதிலுக்குள் ஒரு நாற்றங்கால்

அண்ணாமலையை மீண்டும் பசுமையாக்கும் முயற்சியின் கதை சுவாரஸ்யமானது. 1980-களின் பிற்பகுதியில், திருவண்ணாமலையில் வாழ்ந்துவந்த அபீதா அருணகிரி என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி, தன் நாட்டில் மழைக்காடுகளைக் காக்கப் போராடிவந்த ஜான் சீட் என்பவருக்குக் கடிதம் எழுதினார். மொட்டையாகிப்போன மலைக்கு உதவ முடியுமா என்பதுதான் கடிதத்தின் சாரம். அதிலிருந்து 'அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி' உருவானது. ஆஸ்திரேலிய அரசின் உதவி நிதியும் கிடைத்தது.

மரம் நட முதலில் கன்று வேண்டும் அல்லவா? அதற்கு இடம் கொடுத்தது அருணாசலேஸ்வரர் கோயில். கோயிலின் உள்மதிலுக்கும் வெளிமதிலுக்கும் இடையே சும்மா கிடந்த நிலம் நாற்றங்காலாக மாறியது. பின்னாளில் 'தி ஃபாரஸ்ட் வே' என்ற அறக்கட்டளை இந்த மண்ணுக்கு உரிய நாட்டு மரங்களின் விதைகளைச் சேகரித்து, கன்றாக்கி, மலையில் நடும் பணியைத் தொடர்ந்தது. கோடையில் தீயை அணைப்பதும் அவர்கள் பணியில் ஒன்று.

மலையில் கன்று நடுகிறவர்களுக்கு முன்னால் இருக்கும் கேள்வியே வேறு. "என்ன உரம்?" என்பதைவிட, "மழை நின்ற பிறகும் இந்தக் கன்று எப்படி உயிரோடு இருக்கும்?" என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். கேள்வி சரியாக இருந்தால் பதிலும் சரியாக வரும். வீட்டுத் தோட்டத்துக்கும் இதே கேள்விதான் பொருத்தம்.

மாவடு சொல்லும் ரகசியம்

நர்சரியில் கன்று பிளாஸ்டிக் பைக்குள் சொகுசாக வளர்ந்திருக்கிறது. தினமும் தண்ணீர், பாதி நிழல், பொலபொலவென்ற மண். ஒரு நாள் திடீரென்று அதை எடுத்து வெயிலில், இறுகிய மண்ணில் வைக்கிறோம். பையைக் கிழிக்கும்போதே மெல்லிய வேர்கள் கொஞ்சம் அறுந்துபோகும். மேலே இருக்கும் இலைகளோ வழக்கம்போலத் தண்ணீர் கேட்கும். கீழே இருக்கும் வேரால் அவ்வளவு கொடுக்க முடியாது. புதிதாக நட்ட கன்று இரண்டு நாள் தொங்கிப்போய் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த நேரத்தில் அந்தக் கன்றின் ஒரே வேலை, புது வேர் விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்வது. அதற்குத் தேவை ஈரமும் காற்றோட்டமும்.

அப்போது போய் யூரியா போட்டால் என்ன ஆகும்? வீட்டில் மாவடு போட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். வடுவின் மீது கல்லுப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் இரண்டு மூன்று நாளில் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும், வடு சுருங்கியிருக்கும். தண்ணீரை நாம் ஊற்றவில்லை. உப்புதான் வடுவுக்குள் இருந்த நீரை வெளியே இழுத்தது. ரசாயன உரங்களும் ஒருவகை உப்புகள் போலத்தான் மண்ணில் வேலை செய்கின்றன. வேரைச் சுற்றியுள்ள ஈரத்தில் அவை அதிகமாகக் கரைந்தால், வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. மண்ணில் ஈரம் இருந்தும் கன்று தாகத்தில் வாடும். இலை ஓரம் பழுப்பாகித் தீய்ந்ததுபோல ஆவது இதனால்தான்.

யூரியாவில் 46 சதவிகிதம் தழைச்சத்து இருக்கிறது. அது மண்ணில் கரைந்து மாறும்போது அம்மோனியா உண்டாகும். பக்கத்திலேயே இளம் வேர் இருந்தால் அது வெந்துபோகும். தப்பித்தாலும் வேறொரு சிக்கல் உண்டு. தழைச்சத்து கிடைத்த கன்று மளமளவென்று இலை விடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால், கீழே வேர் வளர்ந்திருக்காது. வேர் சின்னது, குடை பெரியது என்றால் முதல் கோடையிலேயே கன்று சாய்ந்துவிடும்.

"அப்படியென்றால் விவசாயிகள் உரம் போடுகிறார்களே?" என்று கேட்கலாம். அவர்களுக்குச் சொல்லப்படும் கணக்கைப் பாருங்கள். ஐந்தாம் ஆண்டு முதல் ஒரு தென்னைக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இதில் கால் பங்கு இரண்டாம் ஆண்டில், அரைப் பங்கு மூன்றாம் ஆண்டில், முக்கால் பங்கு நான்காம் ஆண்டில் கொடுக்கச் சொல்கிறார்கள். அந்த அளவையும் ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டாகப் பிரித்துத்தான் போட வேண்டும். கொழுத்த தீனி கேட்கும் தென்னைக்கே படிப்படியாகத்தான் பந்தி. அப்படியிருக்க, நேற்று நட்ட வேம்புக்கும் புங்கனுக்கும் என்ன அவசரம்?

குழிக்குள் என்ன போடலாம்?

உரமே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். நன்றாக மக்கிய எருவுக்குக் குழியில் இடம் உண்டு. அதன் முதல் பயன் சத்து கொடுப்பது அல்ல. மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்துவைப்பது.

நிழல் மரக் கன்றுகளுக்கு ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் கொண்ட குழி பொதுவாகப் போதும். மா, தென்னை போன்றவற்றுக்கு மூன்று அடி வரை எடுப்பார்கள். குழி வெட்டும்போது மேலே வரும் அரை அடி மண்ணைத் தனியாக ஒரு பக்கம் குவித்து வையுங்கள். உயிருள்ள மண் அதுதான். கன்றை வைத்த பிறகு வேரைச் சுற்றி முதலில் இந்த மேல்மண்தான் போக வேண்டும்.

நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் கலந்தால் போதும். கறையான் தொல்லை உள்ள செம்மண் பகுதி என்றால், ஒன்றிரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்க்கலாம். அதற்கு மேல் குழியை எருவால் நிரப்புவது தவறு. குழி முழுக்க விருந்து வைத்தால், வேர் அந்தக் குழிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். வெளியே இருக்கும் கெட்டி மண்ணுக்குள் நுழையாது. தரையில் நட்டும் தொட்டியில் வளர்ந்த செடி போல ஆகிவிடும். எரு மக்க மக்க அளவு குறைந்து, கன்று குழிக்குள் இறங்கி, அடித்தண்டு மண்ணில் புதைந்துவிடும் ஆபத்தும் உண்டு.

பச்சைச் சாணம் குழிக்குள் வேண்டவே வேண்டாம். அது மக்கும்போது சூடு கிளம்பும், வேர் பாதிக்கும். அரைகுறையாக மக்கிய எருக்குவியலில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். எரு தயாராகிவிட்டதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. கையில் எடுத்தால் சூடு இருக்கக் கூடாது. சாண நாற்றம் போய், முதல் மழைக்கு மண் மணப்பது போல வாசம் வர வேண்டும். பிசைந்தால் உதிர வேண்டும். தடித்த வெள்ளைப் புழுக்கள் கண்ணில் பட்டால் பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.

எருவை முறையாக மக்கவைப்பதில் இந்திய விவசாயிகளிடம் கற்றுக்கொண்டவர், பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவர்ட். 1920-களில் மத்திய இந்தியாவின் இந்தூரில் அவர் உருவாக்கிய மக்கு உர முறைக்கு இன்றும் உலகெங்கும் 'இந்தூர் முறை' என்றுதான் பெயர். காய்ந்த சருகு, பச்சைத் தழை, சாணம், கொஞ்சம் மண் என்று அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் அவ்வப்போது கிளறிவிடுவதே அதன் அடிப்படை. வீட்டு மூலையில் ஒரு சின்னக் குழியிலும் இதைச் செய்யலாம்.

மண்ணுக்கு அடியில் ஒரு பண்டமாற்று

மலையில் யாரும் உரம் போடாமல் காட்டு மரங்கள் எப்படி வளர்ந்தன? பதில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மரத்தின் வேரும் சிலவகைப் பூஞ்சைகளும் சேர்ந்து வாழ்கின்றன. 1885-ல் ஜெர்மன் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்னார்ட் ஃபிராங்க் இந்த உறவுக்குப் பெயர் வைத்தார். தமிழில் 'வேர்ப் பூஞ்சை' என்று சொல்லலாம். உர விற்பனை நிலையங்களில் 'வேம்' என்ற பெயரில் பாக்கெட்டில் கிடைப்பது இதன் ஒரு வகைதான்.

மயிரிழையைவிட மெல்லிய பூஞ்சை இழைகள், வேரால் எட்ட முடியாத மண் இடுக்குகளில் நுழைந்து நீரையும் மணிச்சத்தையும் கொண்டுவந்து கொடுக்கும். பதிலுக்கு மரம், வெயிலில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைப் பூஞ்சைக்குக் கொடுக்கும். பணம் புழங்காத பண்டமாற்று! டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் போன்றவற்றைத் தொடக்கத்திலேயே அதிகமாகக் கொட்டினால், "மணிச்சத்துதான் சும்மாவே கிடைக்கிறதே" என்று கன்று இந்த உறவைத் தேடாது. அந்த நட்பு உருவாகாத கன்றுக்கு வறட்சியைத் தாங்கும் பலமும் குறையும்.

வீட்டில் இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் ஏற்கெனவே நன்றாக வளர்ந்து நிற்கும், நோயில்லாத மரத்தின் அடியிலிருந்து இரண்டு கைப்பிடி மண்ணை எடுத்துப் புதுக் குழியின் மேல்மண்ணில் கலந்துவிடலாம். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். காட்டிலிருந்து மண்ணை அள்ளி வருவது மட்டும் வேண்டாம். அந்த மண் அங்கே வளரும் கன்றுகளின் சொத்து.

சில மரங்கள் தங்கள் உரத்தைத் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. புங்கன், வாகை, உசிலை போன்ற அவரைக் குடும்பத்து மரங்களின் வேர் முடிச்சுகளில் ரைசோபியம் பாக்டீரியா குடியிருக்கிறது. காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றுவது இதன் வேலை. இத்தகைய கன்றுகளுக்கு யூரியா போடுவது, சமையல்காரர் வீட்டுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் அனுப்புவது போலத்தான். உதிரும் இலைகளால் பக்கத்தில் நிற்கும் மரங்களுக்கும் இவை பந்தி பரிமாறும்.

சந்தனத்தின் கதை இன்னும் வினோதம். அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிக்கொண்டு, அதிலிருந்து நீரையும் சத்தையும் உறிஞ்சும். அதனால்தான் சந்தனக் கன்றோடு கூடவே பொன்னாங்கண்ணி, துவரை போன்ற துணைச் செடிகளை வைக்கிறார்கள். துணை இல்லாத சந்தனத்துக்கு எத்தனை மூட்டை உரம் போட்டாலும் அது திடமாக வளராது. உரம் என்பது மூட்டையில் வருவது மட்டுமல்ல. பக்கத்தில் நிற்கும் செடியும் உரம்தான்!

சருகை எரிக்காதீர்கள், போர்த்துங்கள்

முதல் ஆண்டில் கன்றுக்கு நாம் கொடுக்கக்கூடிய ஆகச் சிறந்த உரம் எது என்று கேட்டால், மூடாக்குதான். காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் மட்டை, கரும்புச் சோகை, களையெடுத்த புல் என எது கிடைத்தாலும் சரி. கன்றைச் சுற்றி இரண்டு அடி அகலத்துக்கு மூன்று நான்கு அங்குல உயரத்தில் பரப்ப வேண்டும். இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் வலியுறுத்தியவற்றில் மூடாக்கும் ஒன்று.

மூடாக்குப் போட்ட மண்ணில் வெயில் நேரடியாகப் படாது. ஊற்றிய தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. களை முளைப்பது குறையும். புல் பூண்டுகளும் கன்றின் தண்ணீருக்குப் போட்டி போடும் என்பதால் இது பெரிய லாபம். அடியில் மண்புழு வரும். மழையில் நனைந்து மெல்ல மெல்ல மக்கும் சருகு, கன்றால் எவ்வளவு தாங்க முடியுமோ அந்த வேகத்தில் சத்தை மண்ணில் இறக்கும். காட்டில் நடப்பதும் இதுவேதான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது. நான்கு விரல் இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் அடித்தண்டு ஈரத்திலேயே இருந்து அழுகும்; கறையானும் ஏறும்.

தெருவில் சருகைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறோமே, அது கன்றுகளுக்கான ஒரு வருடச் சாப்பாட்டை எரிக்கிற வேலை. அந்தச் சருகைச் சாக்கில் கட்டி வைத்தால், தை மாதத்துக்குப் பிறகு வெயில் ஏறும்போது கைகொடுக்கும்.

சரிவான நிலத்தில் இன்னொரு வேலை சேர்ந்துகொள்கிறது. கன்றுக்குக் கீழ்ப்பக்கம் பிறை வடிவத்தில் கல்லோ மண்ணோ அணைத்துவிட வேண்டும். மேலிருந்து ஓடிவரும் மழைநீர் அதில் தேங்கும். நீரோடு வரும் வண்டல் மண்ணும் சருகும் அங்கேயே தங்கும். யாரும் சுமந்து ஏறாமலேயே கன்றின் காலடிக்கு எரு வந்து சேரும்.

எந்த வருடம், எவ்வளவு?

முதல் வருடம்: குழியில் கலந்த மக்கு உரம் போதும். கோடையில் மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை ஒரு குடம் தண்ணீரை மெதுவாக, ஆழமாக இறங்கும்படி ஊற்ற வேண்டும். தினமும் ஒரு சொம்பு தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். மூடாக்கு கரையக் கரையப் புதுச் சருகைச் சேர்க்க வேண்டும். ஆறு மாதம் கழித்துப் புதுத் துளிர் நன்றாக வந்திருந்தால், மாதம் ஒரு முறை ஜீவாமிர்தத்தை ஒன்றுக்குப் பத்து பங்கு தண்ணீர் கலந்து ஊற்றலாம்.

இரண்டாம் வருடம்: மழைக்காலத் தொடக்கத்தில் 5 முதல் 10 கிலோ தொழு உரம். தண்டை ஒட்டிப் போடக் கூடாது. நண்பகலில் மரத்தின் நிழல் விழும் எல்லையை ஒட்டி வட்டமாக, லேசாகக் கொத்தி, எருவைப் போட்டு, மண்ணால் மூடி, மேலே சருகு போர்த்த வேண்டும். தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் இளம் வேர்கள் அடித்தண்டில் அல்ல, வெளிவட்டத்தில்தான் அதிகம். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யாவை 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி என்ற அளவில் தெளிக்கலாம்.

மூன்றாம் வருடம் முதல்: நிழல் மரம், காட்டு மரம் என்றால் தனியாக உரம் தேவைப்படுவது அபூர்வம். உதிரும் இலையை அதன் காலடியிலேயே விட்டாலே போதும். பழ மரம் என்றால் நாம் காயைப் பறித்து எடுத்துக்கொள்கிறோம். எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும். அதற்குத் தொழு உரத்தோடு, மண் பரிசோதனைப்படி ரசாயன உரமும் அளவாகக் கொடுக்கலாம். வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் மண்ணைக் கொடுத்து அறியலாம். திருவண்ணாமலை மாவட்டத்திலேயே வாழவச்சனூரில் வேளாண் கல்லூரி இருக்கிறது.

எந்த உரமானாலும் காய்ந்த மண்ணில் போடக் கூடாது. முதலில் தண்ணீர், பிறகு உரம், மறுபடி தண்ணீர். இந்த வரிசை மாறக் கூடாது.

இலை பேசும், கேளுங்கள்

இலை மஞ்சளானதும் உரக்கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. ஓடுவதற்கு முன்னால் ஒரு விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மண் சொதசொதவென்று இருந்தால் தண்ணீர் அதிகம். வேருக்கு மூச்சு முட்டுகிறது. தண்ணீரை நிறுத்தினாலே சரியாகும். இரண்டு அங்குலம் வரை காய்ந்து கிடந்தால் தாகம்.

ஈரம் சரியாக இருந்தும் கீழே உள்ள முதிர்ந்த இலைகள் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். மேலே உள்ள இளந்துளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைபாடு. சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் இது வரும். அதற்கு யூரியா மருந்தல்ல. நட்ட முதல் மாதத்தில் பழைய இலை சில உதிர்வது நோயே அல்ல. கன்று தன் சுமையைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

உரத்தைவிடப் பெரியது காவல்

வள்ளுவர் உழவு அதிகாரத்தில் ஒரு வரிசை சொல்கிறார். உழுவதைவிட எரு போடுவது நல்லது. களை எடுத்த பிறகு, தண்ணீர் பாய்ச்சுவதைவிடப் பயிரைக் காப்பது நல்லது. எருவில் தொடங்கிக் காவலில் முடியும் அந்த வரிசை, மரக்கன்றுக்கும் அப்படியே பொருந்தும்.

அண்ணாமலையில் கன்றுகளின் முதல் எதிரி தீ. சரிவுகளில் எலுமிச்சைப்புல் ஆளுயரத்துக்கு வளர்கிறது. மழைக்காலத்தில் பச்சையாக இருக்கும் அது, மாசி பங்குனியில் காய்ந்து எண்ணெயில் நனைத்த திரி போல ஆகிவிடும். ஒரு பீடித் துண்டோ அணையாத தீக்குச்சியோ போதும். பல ஆண்டுகள் வளர்த்த கன்றுகள் ஒரு பிற்பகலில் கருகிவிடும். அதனால்தான் கோடைக்கு முன்பே புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடுகள் போடுகிறார்கள். தீ என்று தகவல் வந்தால் வனத்துறையினரும் தன்னார்வலர்களும் தழைக் கொத்துகளோடு மலையேறுகிறார்கள். மலையில் புகை தெரிந்தால் உடனே வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் சொல்வது, பக்தர்கள் அந்தக் கன்றுகளுக்குச் செய்யும் பெரிய உதவி.

தீ எரிந்த சரிவில் சருகும் எரிந்துபோகிறது. போர்வை இழந்த மண் அடுத்த மழையில் கரைந்து ஓடுகிறது. மலைக்கு மண் எவ்வளவு அருமையானது, மழை எவ்வளவு வலியது என்பதைத் திருவண்ணாமலை மறக்க முடியாத ஒரு நாளில் பார்த்தது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து விழுந்து, குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். அப்படி ஒரு மழையை மரங்கள் தடுத்து நிறுத்தியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால், ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் மேல்மண்ணைப் பிடித்துவைக்க வேரையும் சருகையும் விட்டால் வேறு நாதியில்லை.

ஊருக்குள் காவலின் வடிவம் வேறு. ஆடு கடிக்காமல் இருக்க முள்வேலி அல்லது கூண்டு. காற்றில் சாயாமல் இருக்க ஒரு முட்டுக் கம்பு. கயிறு தண்டை இறுக்காமல் எட்டு போல முடிச்சு. தண்டைச் சுற்றி சிமென்ட் பூசாமல் மூன்றடியாவது வெற்று மண். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு பெயர். "எல்லாரும் பார்த்துக்கலாம்" என்று நட்ட கன்றை யாரும் பார்ப்பதில்லை. இந்தக் கன்று இந்த வீட்டுப் பொறுப்பு என்று எழுதிவைத்த தெருக்களில்தான் மரம் நிற்கும்.

தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பர் 24 அன்று பசுமைத் தமிழகம் இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத்தின் காடு மற்றும் மரப்பரப்பை 23.7 சதவிகிதத்திலிருந்து 33 சதவிகிதமாக உயர்த்துவது அதன் இலக்கு. இலக்கு பெரியது. நட்ட நாளில் எடுக்கும் புகைப்படங்களால் அது நிறைவேறாது. அதே கன்றுக்கு அருகே அதே ஆட்கள் மூன்றாம் ஆண்டில் நின்று எடுக்கும் புகைப்படம்தான் உண்மையான கணக்கு.

மகிழம் நடுவோருக்கு...

அருணாசலேஸ்வரர் கோயிலின் தல விருட்சம் மகிழ மரம். காய்ந்த பிறகும் மணம் மாறாத பூ அதற்கு. கோயிலுக்கு வந்து போகிறவர்களில் பலருக்கு வீட்டில் ஒரு மகிழம் வைக்கும் ஆசை உண்டு. வைத்தவர்களில் பலர் ஓராண்டிலேயே, "அப்படியே நிக்குது, வளரவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டு உரத்தைக் கொட்டுகிறார்கள்.

மகிழம் மெதுவாக வளரும் மரம். முதல் ஆண்டுகளில் மேலே ஓரிரு துளிர்தான் தெரியும். அந்தக் காலத்தில் அது வேருக்குத்தான் உழைத்துக்கொண்டிருக்கும். அதற்கு ஈரம் கொடுங்கள், சருகைப் போர்த்துங்கள், ஆட்டிடமிருந்து காப்பாற்றுங்கள். ஆண்டுக்கு ஒரு கூடை மக்கிய எரு போதும். மற்றதை மண் பார்த்துக்கொள்ளும். அந்த மரத்தின் நிழலில் உங்கள் பேரப்பிள்ளைகள் பூப் பொறுக்குவார்கள்.